துருப்பிடித்த பழைய கார்: புதுப்பிப்பதா, பிரித்து விற்பதா?

நம் வணிகர்கள் பலருடைய வீட்டுப் பின்புறத்திலோ கிட்டங்கி ஓரத்திலோ ஒரு பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ தார்ப்பாய் மூடி நிற்கிறது. அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வருவதில்லை. செலவு செய்யவும் துணிவு வருவதில்லை. இதற்கிடையில் மழையும் ஈரமும் தகட்டைத் தின்கின்றன. தேங்கிய சரக்கு முதலைத் தின்பது போன்றதுதான் இதுவும்.

முடிவு எதுவானாலும் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஓடாத வண்டியானாலும் முழுதாக நின்றால் வாங்க ஆள் உண்டு. பாதி பிரித்துப் போட்ட வண்டியைப் புதுப்பிக்க நினைப்பவரும் வாங்கமாட்டார். உதிரிபாக வியாபாரியும் மதிக்கமாட்டார்.

முதலில் ஆர்.சி. புத்தகம்

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆர்.சி. காலமானவர் பெயரில் இருந்தால், வாரிசு படிவம் 31 கொடுத்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். புத்தகமே இல்லாத வண்டிக்குப் பணம் போடுவது பில் இல்லாத சரக்கை வாங்குவதற்குச் சமம்.

முதல் பதிவாகி 50 ஆண்டுகள் கடந்த வண்டியென்றால் அவசரப்பட வேண்டாம். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி அதை ‘விண்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்ய வழியுண்டு. ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிய மாறுதல் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கடை வேலைக்கு ஓட்ட முடியாது.

அடுத்து தகடு

அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டம் கிடையாது. பாடியே முழுப் பாரத்தையும் தாங்குகிறது. ஆகவே கதவிலும் மட்கார்டிலும் உள்ள துரு கண்ணுக்குத்தான் பெரிது. அவற்றை மாற்றிவிடலாம். அடித்தளத்தில் உள்ள துருதான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு விலக்கு. அதில் சேஸிஸ் தனி, பாடி தனி என்பதால் பகுதி பகுதியாகக் கழற்றிச் சரிசெய்யலாம். ஆனால் சேஸிஸே அரித்திருந்தால் வேலை பெரிது.

மிதியடியை நீக்கித் தரையைப் பாருங்கள். கதவுகளுக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டைகள் பாடியில் சேரும் இடம், டிக்கியின் தரை ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் தகடு அரித்துவிட்டது. உப்பு மூட்டை ஏற்றிய வண்டியானால் டிக்கியை இரண்டு முறை பாருங்கள். பெயிண்டின் மேல் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது.

பிறகு கணக்கு

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நல்ல தகட்டோடு ஓடும் அதே மாடல் வண்டி 3 லட்சத்துக்குக் கிடைக்கிறது. உங்கள் வண்டி உள்ளபடியே 60,000-க்குப் போகும். டிங்கரிங், பெயிண்ட், எஞ்சின், வயரிங், டயர் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் என்கிறார் பட்டறைக்காரர். பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் உள்துரு தெரியும் என்பதால் இதில் நாலில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியின் இன்றைய விலையையும் சேர்த்தால் அடக்கம் ஏறக்குறைய 5 லட்சம். சந்தை விலைக்கு மேல் வரும் 2 லட்சம் பாசத்தின் விலை. கடை முதலைத் தொடாமல் அதை வீட்டுச் செலவாக எழுத முடிந்தால் தாராளமாகப் புதுப்பியுங்கள். முடியாதென்றால் வேண்டாம். முன்பு செய்த செலவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது போனது போனதுதான்.

பிரித்து விற்பதானால்

எஞ்சின், கியர் பாக்ஸ், துருவில்லாத கதவு, கண்ணாடி, விளக்கு, மீட்டர், பம்பர் ஆகியவை விலைபோகும். பழைய மார்க் 1, மார்க் 2 அம்பாசிடரின் கிரில்லைத் தேடி வருவோர் உண்டு. ஆனால் நல்ல பொருள் முதலில் போய்விடும். மிச்சம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். உதிரிகளின் விலையைக் கூட்டி, கழற்றும் கூலி, இட வாடகை, விற்காமல் நிற்பது ஆகியவற்றைக் கழியுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தையில் முழு வண்டிக்கு என்ன தருவார்கள் என்றும் கேளுங்கள். பல நேரம் மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் பெரிய வித்தியாசம் இராது.

வண்டி நிரந்தரமாக உபயோகத்துக்கு உதவாது என்றானால், 14 நாட்களுக்குள் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. இதைச் செய்யாவிட்டால் வண்டி போன பிறகும் வண்டிக்காரர் நீங்கள்தான். எஞ்சினை விற்றால் எண்ணைக் குறித்து ரசீது கொடுங்கள். நம்பர் பிளேட்டையும் சேஸிஸ் எண் உள்ள தகட்டையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டியில் ஏறினால் விசாரணை உங்கள் வாசலுக்கு வரும். முழு வண்டியையும் அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகை கேட்க அது உதவும்.

புதுப்பிப்பது, முழுதாக விற்பது, பிரித்து விற்பது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஐப்பசி மழைக்கு முன் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு மழைக்காலம் தள்ளிப்போட்டால், அந்தத் தேர்வைத் துரு செய்துவிடும்.