இரட்டைப் பெயர் பிரிந்தபோது

புகழ்பெற்ற இசைக்கூட்டணி ஒன்று பிரிந்தபின் அதன் உறுப்பினர் தனித்து நிற்பது எளிதா என்ற கேள்விக்கு மேலை நாட்டினர் பீட்டில்ஸ் குழுவை எடுத்துக்காட்டுவர். 1970-இல் அக்குழு பிரிந்தபோது, ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் தம் பாடல்களைத் தாமே பாடியவர்களாதலால், அவர்தம் குரலும் முகமும் மக்களுக்கு முன்பே பழகியிருந்தன. தமிழ்த் திரையிசையில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கு மக்கள் கேட்பது டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோரின் குரல்களை. மெட்டமைத்தவர் திரையில் சில நொடிகள் தோன்றி மறையும் ஒரு பெயர் மட்டுமே. அப்பெயர் இரண்டாகப் பிளந்தபோது நேர்ந்தது என்ன என்பதை விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணையின் வரலாறு காட்டுகிறது.

திருச்சிராப்பள்ளியில் வயலின் மரபில் பிறந்த டி. கே. ராமமூர்த்தியும் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த எம். எஸ். விஸ்வநாதனும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் பணியாற்றியவர்கள். 1952-இல் சுப்பராமன் இளம் வயதில் மறைந்தபோது அவர் முடிக்காமல் விட்ட பணிகளை நிறைவுசெய்து கொடுத்த இருவரும், அதே ஆண்டில் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய ‘பணம்’ படத்தின்வழி இணை இசையமைப்பாளர்களாயினர். ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’ எனத் தொடர்ந்த அவர்களது பயணம் 1965-இல், ‘ஆயிரத்தில் ஒருவன்’ வெளிவந்த ஆண்டில், முடிவுக்கு வந்தது.

ஒரு திரைப்பாடல் உருவாவதில் இரு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, பாடகர் பாடும் மெட்டைக் கண்டடைவது. மற்றொன்று, பல்லவிக்கும் சரணத்திற்கும் இடையே எந்த வாத்தியம், எவ்வளவு நேரம், எதனோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று வகுக்கும் இசைக்கோர்ப்பு. முன்னது விஸ்வநாதனுடையது, பின்னது ராமமூர்த்தியுடையது என்று பலர் பிரித்துச் சொல்வதுண்டு. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் பிறந்த இசையை அவ்வாறு கூறுபோடுவது பொருந்தாது. பிரிவுக்குப்பின் ராமமூர்த்தி மெட்டும் அமைத்தார், விஸ்வநாதன் பெரிய வாத்தியக் குழுக்களையும் நடத்தினார் என்பதே இதற்குப் போதிய சான்று.

பிரிவின் விளைவு இருவருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. ‘அன்பே வா’ போன்ற எம்.ஜி.ஆர். படங்களும், ‘ஊட்டி வரை உறவு’, ‘பாமா விஜயம்’ என ஸ்ரீதர், பாலசந்தர் போன்ற இயக்குநர்களின் படங்களும் விஸ்வநாதனை நாடி வந்தன. அவர் அடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்ததோடு, தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் மெட்டமைத்தார். ராமமூர்த்தி தனித்து இசையமைத்தவையோ இருபதுக்கும் குறைவு. 1966-இல் ‘சாது மிரண்டால்’, ‘தேன் மழை’, ‘மறக்க முடியுமா’ என நம்பிக்கையோடு தொடங்கிய அவரை இயக்குநர் டி. ஆர். ராமண்ணா ‘நான்’, ‘மூன்றெழுத்து’, ‘தங்கச் சுரங்கம்’ ஆகிய படங்களில் தொடர்ந்து ஆதரித்தார். 1970-க்குப்பின் வாய்ப்புகள் அருகின.

இந்த எண்ணிக்கையைத் திறமையின் அளவுகோலாகக் கொள்வது பெரும் அநீதியாகும். திரைப்படத்தில் இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுப்பவர் கேட்பவர் அல்லர். தயாரிப்பாளரும் நாயகரும் இயக்குநருமே. நிறுவனங்களோடு நேரில் பழகி, மெட்டுப்போடும் அமர்வில் கவிஞரோடும் இயக்குநரோடும் உரையாடுபவர்க்கே அடுத்த படமும் அமைவது இயல்பு. ‘நான்’ படத்தின் பாடல்களைக் கேட்கும் எவரும், பழைய இணையின் துள்ளலும் தந்தி வாத்தியங்களின் நேர்த்தியும் அவற்றில் குறையாமல் இருப்பதை உணர்வர். விழாக் காலங்களில் ஒலிபெருக்கியில் பழைய பாடல் கேட்போருள், அது இருவரும் சேர்ந்து அமைத்ததா, ஒருவர் தனித்து அமைத்ததா என்று பிரித்தறிபவர் மிகச் சிலரே. அதனால் ராமமூர்த்தியின் தனிப்படைப்பும் பலவேளைகளில் மற்றவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இணையின் பெயரைப் பொறுத்தவரை இந்தித் திரையுலகில் மாறான வழியொன்று கையாளப்பட்டது. 1971-இல் தம் இணை இசையமைப்பாளர் ஜெய்கிஷன் மறைந்தபின்னும் சங்கர் தம் படங்களுக்குச் ‘சங்கர்–ஜெய்கிஷன்’ என்ற இணைப்பெயரையே வைத்துக்கொண்டார். அங்கே பிரித்தது மரணமாதலால் பெயரைக் காப்பது நட்புக்கடனாயிற்று; இங்கோ இருவரும் உயிரோடிருக்க, பெயரை எவரும் தனியே வைத்துக்கொள்ள இயலவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1995-இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்திற்காக இருவரும் மீண்டும் இணைந்தனர். 2012-இல் அன்றைய தமிழக முதலமைச்சர் இருவரையும் ஒரே மேடையில் பாராட்டினார். ராமமூர்த்தி 2013 ஏப்ரலிலும் விஸ்வநாதன் 2015 ஜூலையிலும் மறைந்தனர். ராமமூர்த்தி தனித்து அமைத்த பாடல்களை அவர் பெயரோடு ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தால், அடுத்த தலைமுறை அவரை ஓர் இணையின் பாதியாக அன்றி முழுக் கலைஞராகவே கேட்டறிய முடியும்.