ஜலதோஷத்திற்காகக் கருத்தடை மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஓசூரின் மார்கழிக் குளிர் சமவெளி ஊர்களின் குளிரைப் போன்றதன்று. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் சிப்காட் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்கள் துப்பட்டாவால் காதையும் மூக்கையும் மூடியபடியே வீடு திரும்புவர். அந்த மாதங்களில் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சளி, இருமல், தலைபாரம் என்றே சொல்வார்கள்.

சென்ற குளிர்காலத்தில் வந்த ஒரு பெண்ணுக்கோ சளி குணமாகி ஒரு மாதம் கடந்திருந்தது. (அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) குமட்டலும் சோர்வும் இருந்தன, நேரத்திற்கு உண்ணாததால் வந்த வயிற்றுப் புண் என்று அவர் எண்ணியிருந்தார். சிறுநீர்ப் பரிசோதனை அவர் கருவுற்றிருப்பதைக் காட்டியது.

"நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன் டாக்டர்?" என்றார்.

"நடுவில் எப்போதாவது விட்டீங்களாம்மா?"

"சளி மாத்திரை போட்ட அஞ்சு நாள் மட்டும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாதுன்னு லைன்ல கூட வேலை பார்க்கிற அக்கா சொன்னாங்க."

அவர் உட்கொண்டு வந்தது அரசு இலவசமாக வழங்கும் மாலா-என். அதன் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. 21 மாத்திரைகளில் ஹார்மோன்கள் உள்ளன. எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாட்களும் ஹார்மோன் இல்லாத இடைவெளி. சினைமுட்டை வெளிப்படாமல் உடல் தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அவ்வளவுதான். இப்பெண் இரும்புச்சத்து மாத்திரைகளை முடித்த மறுநாளே சளி பிடித்து, புதிய அட்டையைத் தொடங்காமல் ஐந்து நாட்கள் காத்திருந்தார். ஏழு நாள் இடைவெளி பன்னிரண்டு நாளாகிவிட்டது. அட்டையின் தொடக்கத்தில் மாத்திரையைத் தவறவிடுவது நடுவில் தவறவிடுவதைவிட ஆபத்தானது என்பதைப் பலர் அறியார்.

அவர் கணவருடன் கலந்து பேசி மகப்பேறு மருத்துவரைச் சந்தித்தார். அவர்கள் எடுத்த முடிவு இங்கே எழுதத்தக்கதன்று. ஆயினும் அந்த ஐந்து நாள் நிறுத்தத்திற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்பதை எழுதியே ஆக வேண்டும்.

மருந்துக்கடையில் சளிக்கெனத் தரும் மாத்திரையில் பொதுவாக மூன்று பொருள்கள் இருக்கும்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குச் செட்டிரிசின் அல்லது குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின். இவற்றுள் எதுவும் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைப்பதில்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே வேளையில்கூட உட்கொள்ளலாம். கவனிக்க வேண்டியவை வேறு. செட்டிரிசினும் குளோர்பெனிரமினும் உறக்கம் தரும். இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் பணிக்கு முன் அவற்றை உட்கொள்ளக் கூடாது. மூக்கடைப்பு மருந்துகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். ஹார்மோன் மாத்திரையாலும் சிலருக்கு அழுத்தம் உயரும். ஆகவே மாத்திரை எடுப்பவர்கள் அழுத்தத்தை அவ்வப்போது அளந்துகொள்வது நல்லது. சளி மாத்திரையுடன் தனியாகக் காய்ச்சல் மாத்திரையும் விழுங்கினால் பாராசிட்டமால் இருமடங்காகும். மற்றபடி, வாய்வழி உட்கொள்ளும் பினைலெப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் வல்லுநர் குழு 2023ஆம் ஆண்டு கூறியது. ஆவி பிடிப்பதும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் எனக்கு அதனினும் மேலாகவே தோன்றுகின்றன.

அமாக்சிசிலின், அசித்ரோமைசின் போன்ற வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் குறித்தும் இதே அச்சம் நிலவுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இவற்றுக்குத் தடை எதுவும் விதிக்கவில்லை. சாதாரணச் சளிக்கு அவை தேவையே இல்லை என்பது வேறு கதை. ஆனால், எந்த மருந்தானாலும், கருத்தடை மாத்திரையை விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை விழுங்க வேண்டும்.

அக்காவின் சொல் முற்றிலும் பொய்யன்று. அது வேறொரு மருந்துக்குப் பொருந்தும்; அந்த மருந்தும் இருமலுடன் தொடர்புடையதே. காசநோய்க்குத் தரப்படும் ரிபாம்பிசின்தான் அது. அதை உட்கொண்ட பெண்கள் சிலருக்குக் கருத்தடை மாத்திரை எடுத்தும் இடையில் உதிரப்போக்கு ஏற்படுவதையும் சிலர் கருவுறுவதையும் ஜெர்மானிய மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் கவனித்து எழுதினர். ரிபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டுகிறது. அவை ஹார்மோனை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடுகின்றன. வலிப்புக்குத் தரும் பெனிடாயின், கார்பமசிபைன், பீனோபார்பிட்டோன் ஆகியவையும் அவ்வாறே செய்யும்.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சளி என்று எண்ணிக் கடை மருந்தால் சமாளிக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். நோய் உறுதியானால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்; அந்த ஆறு மாதமும் ரிபாம்பிசின் உண்டு. சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது அந்த மருந்தின் நிறத்தால்தான். அக்காலத்தில் மாலா-என் போன்ற மாத்திரையை நம்பியிருக்க இயலாது. காப்பர்-டியும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் ரிபாம்பிசினால் பாதிக்கப்படுவதில்லை. இரண்டும் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும். காசநோய் மருந்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது.

நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. குடியிருப்பது ஓசூரில், மருந்து வாங்குவது அத்திப்பள்ளியில், கருத்தடை மாத்திரை பெற்றதோ தாய்வீட்டுக்கு அருகில், தேன்கனிக்கோட்டையிலோ பர்கூரிலோ. ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். மாமியாரோ அண்ணனோ உடன் வந்திருந்தால், மருத்துவர் கேட்டாலும் பெண்கள் கருத்தடை மாத்திரை பற்றி வாய் திறப்பதில்லை. அந்தக் கூச்சத்தை நான் குறை கூறமாட்டேன். மாத்திரை அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பேசாமல் அதைக் காட்டினால் போதும். தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னாலும் உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குத் திடீரென மூச்சுத்திணறலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலியோ, சளியில் இரத்தமோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியுமோ தோன்றினால் அது சளியன்று. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். இது அரிது. எனினும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

காசநோய் சிகிச்சையை முடித்தவர்கள் கடைசி ரிபாம்பிசின் மாத்திரைக்குப் பிறகும் நான்கு வாரங்கள் வேறு பாதுகாப்பைத் தொடர வேண்டும். தூண்டப்பட்ட கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.