எண்ணூர் ஆற்றில் சுடுதண்ணீர்! மீன்கள் ஓட்டம், மீனவர்கள் வாட்டம்!

சென்னை,

ஆற்றில் இறங்கினால் கால் ஜில்லென்று இருக்க வேண்டும். எண்ணூர் ஆற்றில் சில இடங்களில் இறங்கினால் கால் சுடுகிறது!

பூண்டி ஏரியைத் தாண்டி வரும் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர் முகத்துவாரம். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்களுக்குச் சோறு போடுவது இந்த உப்பங்கழிதான். இறால், நண்டு, மடவை, கெளுத்தி என்று ஒரு காலத்தில் வாரிக் கொடுத்த ஆறு இது. இங்கே வலை வீசுகிறவர்களும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோர் வயிற்றிலும் அடிக்கிறது தண்ணீரின் சூடு.

சூடு வருவது எப்படி?

அருகே இருக்கிறது வடசென்னை அனல் மின் நிலையம். தலா 210 மெகாவாட் சக்தி கொண்ட 3 யூனிட்டுகள் 1994 முதல் 1996-க்குள் ஓடத் தொடங்கின. தலா 600 மெகாவாட்டில் மேலும் 2 யூனிட்டுகள் பின்னர் வந்தன.

நிலக்கரியை எரிக்கும்போது கிடைக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட் ஆகிறது. மீதியில் பெரும்பகுதி, நீராவியைக் குளிர வைக்கும் தண்ணீரில் போய்ச் சேருகிறது. தண்ணீரை ஒரே முறை ஓட விட்டு வெளியேற்றும் முறையில் 1 மெகாவாட்டுக்கு மணிக்கு 1 லட்சம் லிட்டருக்கு மேல் தேவை! அப்படிச் சூடேறிய தண்ணீர் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்து சேருகிறது.

மீனுக்கு என்ன கஷ்டம்?

"தண்ணி சுட்டா மீனு வேற பக்கம் நீந்திப் போயிடாதா?" என்று கேட்கத் தோன்றும். பெரிய மீன் போய்விடும். முட்டையும் குஞ்சும் எங்கே போகும்?

மீன் குளிர்ந்த ரத்தப் பிராணி. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்புச் சூடு. 10 டிகிரி ஏறினால் அதன் உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இயங்கும். மூச்சுக்காற்றும் அதற்கேற்ப அதிகம் வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் பிராண வாயு குறைவு! 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

ஆலைக்குள் இழுக்கப்படும் தண்ணீரோடு மீன் முட்டையும் இறால் குஞ்சும் சேர்ந்தே போகின்றன. குழாயில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கக் குளோரின் வேறு போடுவது வழக்கம். அதில் தப்புவது கொஞ்சமே.

கடைசியில் சூடு தாங்கும் சில ஜாதிகள்தான் மிஞ்சும். ஜிலேபிக் கெண்டை போன்றவை தாக்குப் பிடிக்கும். சந்தையில் நல்ல விலை போகும் இறாலும் நண்டும் அப்படியல்ல.

குளிர் நாடுகளில் கதை வேறு. அங்கே மீன்கள் சூட்டைத் தேடி வந்து கூடும். 1972 ஜனவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆய்ஸ்டர் கிரீக் அணுமின் நிலையம் திடீரென்று நின்றது. வெந்நீரை நம்பித் தங்கிய மத்தி இன மீன்கள் குளிர் தாக்கிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன!

சட்டம் என்ன சொல்கிறது?

1998-ல் மத்திய அரசு விதி போட்டது. பழைய ஆலைகளில், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும்போது இருந்த சூட்டைவிட வெளியே வரும்போது 10 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. 1999 ஜூனுக்குப் பிறகு வந்த கடலோர ஆலைகளால், தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் 7 டிகிரிக்கு மேல் சூடு ஏறக் கூடாது.

கோடையில் எண்ணூர்த் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தொடும். அதோடு 10 சேர்ந்தால் 40! விதியை மீறாமலே மீனைக் கொல்லலாம். கழிமுகம் மண் மூடி ஆழம் குறைந்து கிடப்பதால் சூடு சீக்கிரம் ஆறுவதும் இல்லை.

எண்ணூரைக் கெடுத்த நிலக்கரிச் சாம்பல் பற்றி 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. சாம்பல் கண்ணுக்குத் தெரியும். சூடு தெரியாது. தண்ணீரில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்.

வழி இல்லாமல் இல்லை. குளிர்விக்கும் கோபுரம் கட்டலாம். தண்ணீரைக் குளத்தில் தேக்கி ஆறவைத்து விடலாம். ஆலை வாசலில் மட்டும் அல்லாமல், மீன் வாழும் இடத்திலும் தினமும் சூட்டை அளந்து, கணக்கை ஊர் மக்கள் பார்க்கும்படி போர்டில் எழுதி வைக்கலாம்.

நகரத்துக்கு விளக்கு எரிய வேண்டும், சரிதான். காட்டுக்குப்பத்தில் அடுப்பும் எரிய வேண்டுமே! சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கவனிப்பார்களா?