கிட் கார் தொழிலின் எதிர்காலம்

பிரிட்டனின் மோட்டார்த் தொழிலைப் பற்றிப் பேசுவோர் பெரிய ஆலைகளையும், அவற்றில் உழைக்கும் பல்லாயிரம் தொழிலாளரையுமே கருதிப் பேசுவது வழக்கம். ஆனால், அந்நாட்டின் சிற்றூர்களில், பத்துப் பேரும் இருபது பேரும் வேலை செய்யும் பட்டறைகளில், வேறொரு மோட்டார்த் தொழில் எழுபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. கிட் கார்த் தொழில் என்பது அதன் பெயர். வண்டியின் சாஸிஸையும் மேற்கூட்டையும் பட்டறைக்காரர் தனித்தனி உறுப்புக்களாக விற்பார். வாங்கினவர், ஒரு பழங்காரிலிருந்து கழற்றிய எஞ்சினையும் அச்சையும் அவற்றுடன் பூட்டித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியாக்கிக் கொள்வார். 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸார் ஆஸ்டின் கார்களை உறுப்புக்களாக வரவழைத்துப் பூட்டியதை நேயர்கள் இத்துடன் சேர்த்து எண்ணலாகாது. அங்கே பூட்டியது ஆலை. இங்கே பூட்டுவது வாங்கினவர்.

கஷ்ட காலத்தில் மலிவான பண்டமே விலைபோகுமாதலால், பண முடை மிகுந்த இந்நாட்களில் கிட் கார் செழிக்குமேயன்றி நலியாதென்று சிலர் சொல்லுகின்றனர். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயினும், இத்தொழிலின் சரித்திரத்தை நோக்குமிடத்து இந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

கிட் காரை வளர்த்தது வறுமை மட்டுமன்று, வரிச் சட்டமுமாகும். 1957-ல் காலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் ஸ்தாபனம் ‘செவன்’ என்னும் சிறு காரை வெளியிட்டது. பூட்டி முடித்த வண்டிக்குக் கொள்முதல் வரி உட்பட 1,036 பவுன் விலை. உறுப்புக்களாக வாங்கினாலோ வரியில்லை, 536 பவுன் போதும். பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு எதனையும் உறுப்புக்களோடு கொடுத்தல் கூடாது என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆகவே, வண்டியைக் கழற்றும் முறையை விளக்கி ஒரு குறிப்பு அனுப்பினார்களாம். வாங்கினவர் அதைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குப் படித்துக்கொண்டாராம். வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நகைப்பு உண்டாகாமலிருப்பதில்லை.

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி நீங்கி மதிப்புக் கூட்டு வரி வந்தது. அது உறுப்புக்களையும் விடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வேல்ஸ் நாட்டில் ஒரு கசாப்புக்காரரும் ஒரு ஜெர்மானிய எஞ்சினீயரும் கூடி ஆரம்பித்த கில்பெர்ன் ஸ்தாபனம் 1974-க்கு மேல் நிலைக்கவில்லை. லோட்டஸார் செவன் வண்டியின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்னும் விற்பனை ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டனர்.

இவ்வளவுக்குப் பின்னும் தொழில் அழியவில்லை. ஏன்? பழங்கார்கள் மலிந்து கிடந்தமையாலே என்க. துருப்பிடித்த போர்டு எஸ்கார்ட், கார்ட்டினா, பின்னர் ஸியெரா ஆகிய வண்டிகள் ஊருக்கு ஊர் கிடைத்தன. பின்சக்கரத்தால் இயங்கும் அவற்றின் எஞ்சினும் அச்சும் இவ்வேலைக்கென்றே அமைந்தவை போலிருந்தன. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுனுக்குள்ளேயே ஒரு விளையாட்டுக் காரைச் செய்து கொள்ளும் வழியைப் புத்தகமாக எழுதினார். அதைப் பார்த்து, இரும்புக் குழாயை அறுத்து, பற்றவைக்கவும் கற்றுக்கொண்டு, கொட்டகையில் கார் செய்தவர் பலர். இவர்களே இத்தொழிலின் வேர். பட்டறையில் ஒரு முறை உறுப்பு வாங்கினவன் மறுமுறையும் வந்தான். அவனைக் கண்டு அண்டை வீட்டானும் வந்தான்.

அந்த வேர் இப்பொழுது வற்றி வருகிறது. ஸியெராவின் உற்பத்தி 1993-ல் நின்றது. பின்வந்த மலிவுக் கார்களிற் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இயங்குவன. மாஸ்டா எம்.எக்ஸ்.-5 ஒன்றே பெரும்பாலும் கைகொடுக்கிறது. 2008-ல் நெருக்கடி வந்தபோது, பெரிய ஆலைகளைக் காக்கும்பொருட்டு, பத்தாண்டுக்கு மேற்பட்ட காரை நொறுக்கக் கொடுத்துப் புதுக்கார் வாங்குவோருக்கு 2,000 பவுன் சலுகை என்னும் திட்டத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் 2009 மே மாதம் தொடங்கினர். அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 4 லட்சம் கார்கள் நொறுக்கப்பட்டன. பெரிய ஆலைக்கு ஊட்டிய மருந்து, சிறு பட்டறைக்குக் கச்சாப் பொருள் எதுவோ அதையே தின்றுவிட்டது என்பதைச் சர்க்கார் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பழங்கார் அரிதாகவே, பட்டறைகள் புது எஞ்சினோடு, உயர்ந்த விலைக்கு, பணம் படைத்தோரை நாடலாயின. பணக்காரரின் பொழுதுபோக்கு நெருக்கடியில் முதலில் நிறுத்தப்படும் செலவாகும். 2022-ல் வெஸ்ட்பீல்ட் என்னும் பெயர்பெற்ற ஸ்தாபனமே கடன் நிர்வாகிகள் வசமாகி, பிறகு வேறு கைக்கு மாறி மீண்டதைக் கண்டோம்.

சோதனை விதியைப் பலர் குறை கூறுகின்றனர். 1998-ல் ஏற்பட்டு 2009-ல் மேலும் கடுமையாக்கப்பட்ட இவ்விதியின்படி பிரேக்கு, விளக்கு, புகை முதலிய எல்லாம் பரீட்சிக்கப்படும்; வெளிப்புற விளிம்பு 2.5 மில்லிமீட்டர் வளைவேனும் உடையதாயிருத்தல் வேண்டும். வீதியில் நடப்போரின் உயிரைக் கருதுமிடத்து இதில் நாம் குற்றங் காணவில்லை.

இனி மின்சாரத்தின் காலம். விபத்தில் சிதைந்த நிஸான் லீஃப் முதலிய மின்கார்களின் மோட்டாரும் மின்கலமும் நாளைய ஸியெராவாகலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. நம்பிக்கைக்கு இடமுண்டு, இடையூறும் உண்டு. செவன் வகை வண்டி முழுதும் ஏறத்தாழ 500, 600 கிலோ எடைதான். லீஃப் காரின் மின்கலத் தொகுதி மட்டுமே அதில் பாதியை நெருங்கும். அன்றியும், 350 வோல்ட்டுக்கு மேற்பட்ட அதன் மின்வலியைத் தொடக் கற்றுக்கொடுக்கும் எளிய நூலும், மாலைநேரப் பள்ளியும் இல்லாமல், கொட்டகையில் வேலை செய்வானை அதில் இறக்குதல் தகாது. பட்டறைக்காரர் தம் பொருளை இவற்றில் இடுவார்களாயின், புதிய பந்தய வண்டியொன்றைப் பொருட்காட்சியில் நிறுத்துவதைவிட அதிகப் பயன் பெறுவர்.

மற்றொன்றும் அவசரமானது. உறுப்புக்காக மாதக்கணக்கில் முன்பணம் கட்டிக் காத்திருப்பவன், ஸ்தாபனம் முறிந்தால் ஆங்கிலச் சட்டப்படி ஈடில்லாத கடன்காரனாய் வரிசையின் கடைசியில் நிற்கிறான். பாங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். இவனுக்குச் சில்லறையேனும் மிஞ்சுமோ என்பது ஐயமே. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, உறுப்பு கைசேர்ந்த பின்னரே எடுப்பதென்று பட்டறைகள் தமக்குள் உடன்பாடு செய்துகொள்வதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. சர்க்கார் சட்டமியற்றும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டுவதுமில்லை.