சுற்றுச்சூழல் மாசும் குழந்தையின் மூளை வளர்ச்சியும்: கள்ளக்குறிச்சி தரும் ஆய்வுப் பாடம்

விறகுப் புகை, ஈயம், பாதரசம் போன்ற மாசுகள் கருவிலுள்ள சிசுவின் மூளையையும் சிறு குழந்தையின் மூளையையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராயும் பணிக்கு மருத்துவம், வேதியியல், உளவியல், புள்ளியியல் ஆகிய நான்கும் தேவை. எனவே இதற்கான பயிற்சி ஆய்வகத்தோடு முடிவதில்லை. கர்ப்பிணியின் சமையலறையிலும் குழந்தையின் பள்ளியிலும் தொடர்கிறது. கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு பெரிய கள ஆய்வு, மாசை எப்படி அளப்பது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

வளரும் மூளை எளிதில் பாதிக்கப்படுவது ஏன்?

கரு உருவாகி ஏறத்தாழ 28 நாட்களில் நரம்புக்குழல் மூடிக்கொள்கிறது. பின்னர் நரம்பணுக்கள் பெருகி, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று இணைகின்றன. ஒவ்வொரு பணிக்கும் உரிய காலம் உண்டு. அக்காலத்தில் நேரும் தடையைப் பிறகு முழுமையாகச் சரிசெய்வது கடினம்.

விறகுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினுடன் பிணைகிறது. தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிசுவுக்குக் கிடைப்பதும் குறையும். ஈயமோ கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் குடல், உட்கொண்ட ஈயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது.

இப்பாதிப்பு பெரும்பாலும் வெளிப்படையான நோயாகத் தெரிவதில்லை. கவனக்குறைவாகவோ, பேச்சுத் தாமதமாகவோ, கற்றல் பின்னடைவாகவோ தோன்றும். "மந்தம்" என்று வகுப்பில் பெயர் வாங்கும் குழந்தைகளுள் சிலருக்குக் காரணம் சோம்பலாக இல்லாமல் மாசாக இருக்கக்கூடும்.

கள்ளக்குறிச்சி கள ஆய்வு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ளது கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆவதற்கு முன் இது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 2018இல் தொடங்கிய "ஹாபின்" என்னும் வீட்டுக் காற்று மாசு ஆய்வுக்குத் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும் களங்களாயின. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம் இந்தியப் பகுதியை நடத்தியது.

விறகு முதலியவற்றால் சமைத்துவந்த சுமார் 3200 கர்ப்பிணிகள் இதில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் தரப்பட்டன. மறு பிரிவினர் வழக்கமான அடுப்பையே தொடர்ந்தனர். கர்ப்ப காலத்தில் சுவாசித்த நுண்துகளின் அளவு, எரிவாயுப் பிரிவில் கன மீட்டருக்குச் சராசரியாக 35 மைக்ரோகிராம். மறு பிரிவில் 103.3 மைக்ரோகிராம்.

புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும், 2022இல் வெளியான முடிவின்படி சராசரிப் பிறப்பு எடை 2921 கிராமும் 2898 கிராமுமாகவே இருந்தது. இது புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு அன்று. ஆனால் புகை தீங்கற்றது என்பது இதன் பொருளல்ல. கர்ப்பமான சில மாதங்களுக்குப் பிறகே எரிவாயு கிடைத்தது. எஞ்சிய 35 மைக்ரோகிராமும் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்குப் பரிந்துரைக்கும் 5 மைக்ரோகிராமைவிட மிக அதிகம். எதிர்பார்த்த விடை வராதபோதும் அதை அப்படியே வெளியிட வேண்டும் என்பது பயிற்சியாளர் கற்கும் முதல் பாடம்.

மூளை வளர்ச்சி இவ்வாய்வின் முதன்மை அளவீடு அன்று. புகைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைக் குவாத்தமாலாவில் நடந்த வேறோர் ஆய்வு நேரடியாகப் பார்த்தது. 2012இல் வெளியான அதில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதிகக் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்த தாய்மாரின் பிள்ளைகள், 6, 7 வயதில் சில நரம்பியல் சோதனைகளில் பின்தங்கினர். ஆனால் அதில் பங்கேற்ற குழந்தைகள் 39 பேரே. எனவே பெரிய ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

பயிற்சியில் கற்பவை

மாசை அளத்தல்: கர்ப்பிணி 24 மணி நேரம் உடலோடு அணிந்திருக்கும் சிறு கருவியின் வடிதாள், முன்னும் பின்னும் நுண்தராசில் எடை பார்க்கப்படும். எந்த அடுப்பில் எவ்வளவு நேரம் சமையல் நடந்தது என்பதை அடுப்பில் பொருத்திய வெப்பமானி பதிவுசெய்யும்.

குழந்தையை மதிப்பிடுதல்: சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்குச் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் இருந்தது. ஆசிரியர்கள் நிரப்பிய நடத்தைப் படிவங்களோடு ஒப்பிட்டபோது, ஈயம் மிகுந்த குழந்தைகளிடம் பதற்றமும் கவனக்குறைவும் கூடுதலாகக் காணப்பட்டன. வேற்று நாட்டில் உருவான சோதனையை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. கல்வராயன் மலைக் குழந்தை பார்த்தறியாத பொருளின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால், கிடைக்கும் மதிப்பெண் அதன் அறிவைக் காட்டாது.

காரணத்தைப் பிரித்தறிதல்: வறுமை, இரத்தசோகை, தாயின் கல்வி ஆகியவையும் மூளை வளர்ச்சியைப் பாதிப்பவை. விறகடுப்பும் வறுமையும் சேர்ந்தே இருக்கும் வீட்டில், எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பதே கடினமான பணி.

அறநெறி: ஆய்வின் பயனும் இடரும் தாய்க்குப் புரியும் தமிழில் விளக்கப்பட்ட பிறகே ஒப்புதல் பெற வேண்டும். குழந்தையின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவித்துச் சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும்.

இத்தகைய அளவீடுகளின் பயன் சட்டங்களில் தெரிகிறது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என 2016ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன.