சுயவிவரப் பக்கம்: எதை எழுதுவது, எதை விடுவது?

கால் நூற்றாண்டுக்கு முன்பு வேலை தேடியோர் பயோடேட்டாவை வெள்ளைத்தாளில் தட்டச்சு செய்து, சான்றிதழ் நகல்களில் கெஜடட் அதிகாரியின் கையொப்பம் பெற்று, பதிவுத் தபாலில் அனுப்பி வைத்தனர். அந்த உறையைப் பிரித்துப் படிப்பவர் ஒருவரோ இருவரோதான். இன்று அதே விவரங்கள் லிங்க்ட்இன் போன்ற தொழில்சார் தளங்களில் இரவும் பகலும் திறந்து கிடக்கின்றன. வேலை கொடுப்பவரும் படிக்கிறார்; வேலை கொடுப்பதாக ஏமாற்றுபவரும் படிக்கிறார்.

2003ஆம் ஆண்டு மே மாதம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த லிங்க்ட்இன் தளத்தை, 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தியாவில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் இதில் பதிந்துள்ளனர். இத்தனை பேர் நடுவில் நமது பக்கத்தை எப்படி அமைப்பது? நம்மில் பலர் அறியாமல் செய்யும் பிழைகள் சிலவற்றை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

முகப்பு வரியை வீணாக்குதல்

நம் பெயருக்குக் கீழே வரும் முகப்பு வரியில் 220 எழுத்துகள் வரை எழுத இடமுண்டு. பெரும்பாலோர் பதவிப் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றனர். சிலர் 'நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்' என்று மட்டும் எழுதுகின்றனர். ஆள் தேடும் நிறுவனங்களோ திறமையைக் குறிக்கும் சொற்களை இட்டுத் தேடுகின்றன. 'கணக்காளர்' என்பதைவிட, 'ஜிஎஸ்டி தாக்கல், டாலி, ஏற்றுமதி ஆவணங்கள்: எட்டு ஆண்டு அனுபவம்' என்ற வரி அத்தேடலில் அகப்படும். திருமணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகமும், அருகில் நிற்பவரின் தோளும் தெரியும் ஒளிப்படமும் வேண்டா. வெற்றுச் சுவரின் முன் பகல் வெளிச்சத்தில் எடுத்த எளிய படமே போதும்.

'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்' ஆகிய சொற்கள் எல்லோர் பக்கத்திலும் உள்ளன. எத்தனை பேரை வழிநடத்தினோம், எந்தப் பணியின் காலத்தை எவ்வளவு குறைத்தோம் என்று, கேட்டால் விளக்கக்கூடிய விவரங்களை எழுதுவதே மதிப்பைக் கூட்டும்.

இல்லாததை எழுதுதல்

யாஹூ நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக 2012 ஜனவரியில் பொறுப்பேற்ற ஸ்காட் தாம்சன், அதே ஆண்டு மே மாதம் பதவியை விட்டு விலகினார். அவர் பெற்றது கணக்கியல் பட்டம். நிறுவன ஆவணங்களில் இடம்பெற்ற அவரது வாழ்க்கைக் குறிப்பிலோ கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. அவ்வளவு உயரத்தில் இருந்தவருக்கே அந்த ஒரு வரி பெருஞ்சுமையாயிற்று.

நம் நாட்டில் இன்று சரிபார்ப்பு இன்னும் எளிது. வருங்கால வைப்புநிதியின் யுஏஎன் கணக்கில் நாம் எந்த நிறுவனத்தில் எந்த நாளில் சேர்ந்தோம், எந்த நாளில் விலகினோம் என்பது பதிவாகிறது. பல பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. பத்து மாதப் பணியை ஒன்றரை ஆண்டாக நீட்டி எழுதியவர், நியமனக் கடிதம் கைக்கு வந்தபின் அதனை இழக்க நேரிடலாம்.

இடைவெளியை மறைக்கவும் தேவையில்லை. மகப்பேறு, பெற்றோரின் நோய், மேற்படிப்பு ஆகிய காரணங்களால் பணியிலிருந்து விலகியிருந்த காலத்தைக் குறிப்பிட, இத்தளத்தில் 2022 முதல் தனிப் பகுதியே உள்ளது. அந்தக் காலத்தில் கற்றதையும் அங்கே எழுதலாம்.

அலுவலகத்தை மறத்தல்

வேறு வேலை தேடுவது தவறன்று. அது இப்போதைய மேலாளருக்குத் தானாக அறிவிக்கப்படுவது சங்கடம். பக்கத்தைத் திருத்துமுன், மாற்றங்களைப் பிறருக்கு அறிவிக்கும் வசதியை நிறுத்திவிடுவோம். 'வேலைக்குத் தயார்' என்ற குறிப்பை எல்லோருக்கும் காட்டலாம். ஆள் தேடுவோருக்கு மட்டும் காட்டும் வழியும் உண்டு. இரண்டாவது வழியிலும் செய்தி முற்றிலும் மறைந்திருக்கும் என்ற உறுதியைத் தளம் தருவதில்லை.

வாடிக்கையாளர் பெயர், வெளிவராத திட்டம், நிறுவனத்தின் உள் கணக்குகள் ஆகியன நமக்குரியவை அல்ல. அவற்றைச் சாதனையாகக் காட்டுவது பணி ஒப்பந்தத்தை மீறுவதாகிவிடும். மேலும், அலுவலக மின்னஞ்சலை மட்டுமே கொண்டு கணக்குத் தொடங்கியவர், வேலையை விட்டதும் தம் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் தவிப்பதுண்டு. சொந்த மின்னஞ்சலையும் சேர்த்து வைப்பது நலம்.

வீட்டுச் சாவியை வாசலில் வைத்தல்

வங்கியாளர் என்ற முறையில் நாம் மிகவும் கவலைப்படுவது இந்தப் பிழையைக் குறித்தே. பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் ஆகிய அனைத்தையும் பயோடேட்டாவில் எழுதுவது நம் பழைய வழக்கம். அதே கோப்பை அப்படியே பக்கத்தில் ஏற்றிவிடுகிறோம். புதிய வேலை கிடைத்த மகிழ்ச்சியில் நியமனக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் படமெடுத்துப் பதிவிடுகிறோம். வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணும், பிறந்த தேதியும், பதவியும் ஓரிடத்தில் கிடைத்தால், மோசடிக்காரர் நம் பெயர் சொல்லி, நிறுவனத்தின் பெயர் சொல்லி, நம்பும்படி பேசுவார்.

அடுத்து வருவது போலி வேலை. 'பின்னணிச் சரிபார்ப்புக் கட்டணம்', 'மடிக்கணினிக்கு வைப்புத்தொகை' என்று முன்பணம் கேட்பவரை அங்கேயே நிறுத்துவோம். 'உங்கள் கணக்கில் வரும் தொகையைப் பிறருக்கு அனுப்பினால் கமிஷன்' என்பது வேலையே அன்று. அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் மியூல் கணக்கு. அத்தகைய கணக்கு முடக்கப்படலாம்; அதன் உரிமையாளர் வழக்கையும் சந்திக்க நேரிடலாம்.

கடவுச்சொல் குறித்தும் ஒரு சொல். 2012இல் இத்தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவை என்பது 2016இல்தான் வெளிவந்தது. இங்கே பயன்படுத்தும் கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ இணைய வங்கிச் சேவைக்கோ வைக்கலாகாது. இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கி வைப்போம்.

பணம் பறிபோனால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். புகார் விரைவாக வந்தால், தொகை அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்க இயலும்.

ஒரு மாலைப் பொழுதின் வேலை

இவ்வளவையும் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது போதும். கணக்கிலிருந்து வெளியேறி, நம் பெயரையே தேடுபொறியில் இட்டு, முன்பின் அறியாதவர் காண்பதைப் போல நம் பக்கத்தைக் காண்போம். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்விகள் கேட்போம்: நேர்காணலில் இதற்குச் சான்று காட்ட முடியுமா? தெருவில் எதிர்ப்படும் அயலாரிடம் இதைச் சொல்வோமா? இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை வரும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்வோம். வீட்டில் முதல் வேலை தேடும் மகனோ மகளோ இருந்தால், அருகில் அமர்த்திக்கொண்டு அவர்கள் பக்கத்தையும் அன்றே பார்த்துவிடுவோம்.