ஒரு கோப்பி, ஓர் இசைத்தட்டு: ஜப்பானின் ஜாஸ் கடைகள்

ஜப்பானில் ஒரு வகைக் கோப்பிக் கடை உண்டு. அங்கே கோப்பியைவிட இசைத்தட்டுக்குத்தான் மரியாதை அதிகம். அதன் பெயர் ‘ஜாஸ் கிஸ்ஸா’. தேநீர் அருந்தும் கடையை ஜப்பானியர்கள் ‘கிஸ்ஸாத்தேன்’ என்பார்கள். அதன் சுருக்கமே கிஸ்ஸா.

ஜாஸ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசை. கர்நாடக இசையில் மனோதர்மம் எப்படியோ, ஜாஸில் மேடையிலேயே கற்பனையாக வாசிப்பது அப்படி. ஒரே பாடலை ஒரே கலைஞர் இரண்டு நாள் வாசித்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. ஆகவே, ஜாஸைக் கற்க இசைக் குறிப்புத் தாள் மட்டும் போதாது. ஒலிப்பதிவைக் கேட்டே ஆக வேண்டும்.

ஆனால், கடல் கடந்து வந்த இசைத்தட்டை வாங்கும் வசதி சாதாரணச் சம்பளக்காரருக்கு இல்லை. நல்ல ஒலிபெருக்கியும் எட்டாக் கனிதான். அந்தக் குறையைத்தான் இந்தக் கடைகள் தீர்த்துவைத்தன. கடைக்காரர் ஒரு தட்டை வாங்கினால் ஊரே கேட்கலாம்.

நடைமுறை எளிது. ஒரு கோப்பி வாங்கினால் நெடுநேரம் அமர்ந்திருக்கலாம். விருப்பமான தட்டைக் கேட்டு வாங்கலாம். ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படும் கடைக்காரர் அதன் ஒரு பக்கத்தைச் சுழலவிடுவார். ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம் ஓடும். எந்தத் தட்டு ஒலிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்படி அதன் உறையை முன்னால் நிறுத்தி வைப்பார். பல கடைகளில் இசை ஒலிக்கும்போது பேசக்கூடாது. கருத்தும் விவாதமும் கேட்டு முடித்த பிறகுதான்.

இவற்றில் புகழ்பெற்றது யோக்கோஹாமா துறைமுக நகரின் ‘சிகுசா’. மமோரு யோஷிடா என்பவர் 1933இல் அதைத் தொடங்கினார். பின்னர் போர் வந்தது. 1943 ஜனவரியில் ஜப்பானிய அரசு, எதிரி நாட்டு இசை என்று சொல்லி சுமார் 1,000 அமெரிக்க, பிரிட்டிஷ் பாடல்களுக்குத் தடை விதித்தது. 1945 மே மாதம் யோக்கோஹாமா மீது குண்டுமாரி பொழிந்தபோது கடையும் அவர் சேர்த்துவைத்த தட்டுகளும் எரிந்து சாம்பலாயின.

யோஷிடா ஓய்ந்துவிடவில்லை. போருக்குப் பிறகு மீண்டும் தட்டுகளைச் சேர்த்துக் கடையைத் திறந்தார். அங்கு வந்து கேட்ட இளைஞர்களில் ஒருவர் பியானோ கலைஞர் தோஷிக்கோ அக்கியோஷி. தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டே அவர் நுணுக்கங்களைப் பிடித்துக்கொண்டார். 1953இல் தோக்கியோவில் அவரது வாசிப்பைக் கேட்ட ஆஸ்கர் பீட்டர்சன் வியந்துபோனார். 1956இல் அக்கியோஷி அமெரிக்காவின் பெர்க்லி இசைப் பள்ளிக்குச் சென்றார். 2007இல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு அவருக்கு ‘ஜாஸ் மாஸ்டர்’ விருது வழங்கியது. ஜாஸ் பிறந்த நாடே அவரைத் தலைசிறந்தவர்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

1961இல் ஆர்ட் பிளேக்கியின் குழு ஜப்பானுக்கு வந்து சென்ற பிறகு ஜாஸ் மோகம் நாடெங்கும் பரவியது, கடைகளும் பெருகின. பிறகு வீட்டிலேயே கேட்கும் கருவிகள் மலிந்தன. 1979இல் வாக்மேனும் 1982இல் குறுந்தட்டும் வந்தன. பல கடைகள் மூடப்பட்டன. சிகுசாவும் 2007இல் மூடப்பட்டது. ஆனால், அங்கிருந்த தட்டுகள் சிதறிப் போகாமல் ஆர்வலர்கள் காப்பாற்றி வைத்தார்கள். 2012இல் அதே வட்டாரத்தில் கடை மீண்டும் திறக்கப்பட்டது.

இன்று எந்தப் பாடலும் கைப்பேசியில் நொடியில் கிடைக்கிறது. ஆயினும், அவரவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனித்தனியாகத்தான் கேட்கிறோம். பிடித்ததை மட்டுமே கேட்பவருக்குப் புதியது எதுவும் கிடைக்காது. கிஸ்ஸாவில் பக்கத்து மேசைக்காரர் கேட்டு வாங்கிய தட்டையும் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். அதில்தான் பலருக்குப் புதிய கலைஞர்கள் அறிமுகமானார்கள்.

இந்த முறை ஜாஸுக்கு மட்டும் உரியதன்று. நாகஸ்வரமோ பழைய திரைப்பாடலோ, நாலு பேர் கூடி, ஆளுக்கு ஒரு பதிவைக் கொண்டுவந்து, முழுமையாகக் கேட்ட பின் பேசலாம். வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தூக்கிப் போடாமல் காக்க அதுவே ஒரு காரணமாகும்.